ஏழுகண் பாலம் வரை

செங்கமலத்தம்மாவிடம் சீடராகச் சேர்ந்தபோது ஐயாத்துரைக்கு வயது ஐம்பத்தொன்பது. அம்மாவுக்கு நாற்பத்து மூன்று.

அம்மா ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் விபத்து வார்டு நர்ஸாக இருந்தவர். பதினோரு வருடம் அந்த வேலை. ஒருநாள் அதை விட்டுவிட்டு, பெரிய ரோட்டிலிருந்து ஊர்ப்பாதை பிரியும் ஆவரங்காட்டு விலக்கில் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அங்கே ஒரு ஓட்டுக் கொட்டகையும் ஒரு கிணறும் நாலு வேப்பமரங்களும் இருந்தன. திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் தங்கினார்கள், கஞ்சி குடித்தார்கள், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். ஊர் அதை மடம் என்று சொல்ல ஆரம்பித்தது.

ஐயாத்துரை அரசு பஸ் டிரைவராக இருந்தவர். முப்பத்தோரு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவி போய்ச் சேர்ந்தாள். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மடத்துக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். மடத்துக்கு யாரோ கொடுத்த பழைய வேன் ஒன்று கிடந்தது. அதைத் தட்டிக்கொட்டி ஓட வைத்தார்.

அவர் அம்மாவை "அம்மா" என்றார். அம்மா அவரை "அண்ணாச்சி" என்றார்.

அந்த வருடம் பங்குனியிலேயே வெயில் ஏறிவிட்டது.

விலக்கிலிருந்து ஏழுகண் பாலம் வரை பதினாலு கிலோமீட்டர். பன்னிரண்டாம் கல்லில் தொடங்கி இருபத்தாறாம் கல்லில் முடியும். ஒரு வளைவு கிடையாது, ஒரு ஊர் கிடையாது. இரண்டு பக்கமும் முள் நிறைந்த உடைமரக் காடு. எப்போதாவது ஒரு பனை. அந்தப் பகுதிக்கு நேர்ரோடு என்று பேர்.

சித்திரை முடிவதற்குள் நேர்ரோட்டில் ஐந்து வண்டிகள் விபத்தில் போயின. ஐந்தும் உச்சிவேளையில் போயின. எதிரே இன்னொரு வண்டி இல்லை, மாடு இல்லை, மழை இல்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி மெதுவாக ரோட்டை விட்டு விலகி, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போனதுபோல, காட்டுக்குள் போய் மோதி நின்றது. மூன்று பேர் செத்துப்போனார்கள்.

மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி கானலுக்குள் நின்று கூப்பிடுகிறாள் என்று விலக்கில் பேசிக்கொண்டார்கள். கூப்பிடுவது பெண் இல்லை, குழந்தை என்றார்கள் சிலர்.

ஐயாத்துரை ஐந்தாவது வண்டி விழுந்த இடத்துக்குப் போனார். தார் மேல் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். முன்னும் பின்னும் நூறு அடி நடந்து பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை.

அம்மா மோர் கடைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அந்த ரோட்டுல என்ன இருக்கு?"

"என்ன பாத்தீய?"

"ஒண்ணும் இல்ல. அதுதான் பயமா இருக்கு. பிரேக் பிடிச்ச தடமே இல்லம்மா. பேயைப் பாத்தாக்கூட டிரைவர் பிரேக்கைத்தான் மிதிப்பான். மனசு மிதிக்காட்டாலும் காலு மிதிச்சிரும். இவங்க யாரும் மிதிக்கவே இல்ல."

அம்மா மத்தை நிறுத்தினார்.

"பிழைச்சவங்கள்ல ஒருத்தர் வீடு திரும்பிட்டாராமே?"

"மரியசெல்வம்னு ஒரு பையன். டைல்ஸ் லோடு ஏத்திட்டுப் போனவன்."

"அவரைப் போய்க் கேப்போம்."

மரியசெல்வத்துக்கு இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு. கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். மனைவி முக்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஐயாத்துரை கேட்டார்.

"தூங்கிட்டியா தம்பி?"

"எல்லாரும் இதைத்தான் கேக்காவ. தூங்கல அண்ணாச்சி. கண்ணு திறந்துதான் இருந்துச்சு."

"பிறகு என்ன நடந்துச்சு?"

"வீட்டுக்கு வந்துட்டேன்."

ஐயாத்துரை அவனைப் பார்த்தார். அவன் விளையாடவில்லை.

"ரோடு போய்க்கிட்டே இருந்துச்சு. தூரத்துல தண்ணி கிடக்க மாதிரி மினுங்கிச்சு. பிறகு பாத்தா வீட்டு வாசல்ல நிக்கேன். செருப்பைக் கழட்டுதேன். இவ சொம்புல தண்ணி தாரா. வாங்கிக் குடிக்கேன். அது தொண்டையில ஜில்லுன்னு இறங்குனதுகூட ஞாபகம் இருக்கு. 'சாப்பிடுதீயளா'ன்னு கேட்டா. ஆமான்னு தலையாட்டினேன். பிறகுதான் அந்தச் சத்தம். கண்ணாடி எல்லாம் மடியில கிடக்கு. காலு எங்கேயோ கிடக்கு."

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மனைவி மெல்லச் சொன்னாள்.

"அந்த நேரம் நான் பின்னால கிணத்தடியில துவைச்சுக்கிட்டு இருந்தேன். வாசல்ல செருப்பைக் கழட்டுத சத்தம் கேட்டுச்சு. இவங்கதான்னு நினைச்சு ஈரக்கையோட ஓடி வந்தேன். யாரும் இல்ல."

"இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே?" என்றான் மரியசெல்வம்.

"சொல்லப் பயமா இருந்துச்சு."

அம்மா அதுவரை மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்டார்.

"அன்னைக்குக் காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?"

"ரெண்டு மணிக்கு. லோடு ஏத்தணும்லா."

"முந்தின நாள்?"

"அன்னைக்கும் ரெண்டு மணிதான்."

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"வழியில சாப்பாடு. நல்ல பசி. ரெண்டு தடவை சோறு வாங்கினேன்."

"தண்ணி குடிச்சீங்களா?"

"கேன்ல இருந்தது வெந்நியாயிருச்சு. வாயில வைக்க முடியல. பாலத்துல போய்க் குடிச்சுக்கிடலாம்னு விட்டுட்டேன்."

அம்மா தலையசைத்தார்.

திரும்பி வரும் வழியில் ஐயாத்துரை சொன்னார்.

"தூங்கிட்டான்மா. வெட்கத்துல ஒத்துக்க மாட்டேங்கான்."

"அப்படியா?"

"பின்ன? எனக்கு முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்ல."

"நடந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

ஐயாத்துரை சிரித்தார். சிறிது தூரம் போனபின் சிரிப்பு நின்றுவிட்டது.

வைகாசி பிறந்தது. விசாகத்துக்கு மூன்று நாள் இருந்தது. மஞ்சள் உடுத்திய கூட்டம் இரவும் பகலும் மடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குளிர்ந்த நேரத்தில் நடந்து, வெயில் நேரத்தில் எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே துண்டை விரித்துப் படுத்தார்கள். ஐயாத்துரை விடிவதற்கு முன்பே எழுந்து கஞ்சி அடுப்பை மூட்டினார். தண்ணீர் இறைத்தார். காய்கறிக்கு வண்டி எடுத்தார். மூன்று நாளாக அவர் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் படுக்கவில்லை. கேட்டால் "பழக்கம்தானே" என்றார்.

அன்று மத்தியானம் மடத்தில் நாலு பேர் நடக்க முடியாமல் கிடந்தார்கள். பாதம் முழுக்கக் கொப்புளம். அவர்களில் பேச்சித்தாய் என்ற பெண் அழுதுகொண்டே இருந்தாள். அவள் ஊர்க் கூட்டம் முன்னால் போய்விட்டது. ஏழுகண் பாலத்து மண்டபத்தில் இருக்கிறார்கள், இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று செய்தி வந்திருந்தது.

"நாலு மணிக்குக் கொண்டுபோய் விடச் சொல்லுதேன். வெயில் தாழட்டும்" என்றார் அம்மா.

"அதுக்குள்ள போயிருவாவம்மா. எம் மவனுக்கு நேந்துகிட்டது. கூட்டத்தை விட்டா எனக்கு வழி தெரியாது."

ஐயாத்துரை சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். வயிறு நிறையத் தயிர்ச்சோறு.

"நான் கொண்டு விட்டுட்டு வாரேன். இருபது நிமிஷப் பாதை."

"நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீய?" என்று அம்மா கேட்டார்.

"பஸ்ல இருந்தப்போ மூணு டூட்டி சேத்துப் பாத்திருக்கேன்மா. கண்ணு பழகிருச்சு."

"நாலு மணிக்குப் போங்க அண்ணாச்சி."

"நானே அந்த ரோட்டைப் பாத்து பயந்தா மத்தவங்க எப்படிப் போவாங்க?"

பேச்சித்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா அவளுடைய பாதத்தைப் பார்த்தார். அதில் கட்டு பாதிதான் போட்டிருந்தது.

"சரி. நானும் வாரேன். மிச்சத்தை வண்டியில வச்சுக் கட்டுதேன்."

அந்த வேனில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் தகரத் தடுப்பு உண்டு. தடுப்பில் கைநுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். அம்மாவும் நாலு பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஐயாத்துரை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பன்னிரண்டாம் கல்லைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு நாற்பது. அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

ஸ்டீயரிங் தொட முடியாமல் சுட்டது. ஜன்னல் வழியாக வந்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் இருந்தது. ஒரு காக்கை இல்லை. பனைகளின் நிழல் அவற்றின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. முன்னால் ரோட்டின் மேல் தண்ணீர் மினுங்கியது. வண்டி போகப் போக அதுவும் போனது. என்ஜின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாம் கல். பதினாலாம் கல்.

பதினைந்தாம் கல்லுக்குப் பக்கத்தில் உடைமுள்ளில் நீலநிறப் பிளாஸ்டிக் பை ஒன்று மாட்டியிருந்தது. காற்றே இல்லாமல் அது அசைந்தது. அதைப் பார்த்தார்.

பிறகு ஏழுகண் பாலத்தின் வெள்ளைக் கைப்பிடிச்சுவர் கண்ணுக்கு முன்னால் நின்றது.

ஐயாத்துரை பக்கத்துக் கல்லைப் பார்த்தார். இருபத்தாறு.

அவர் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. கை தானாக கியரை மாற்றியது. அந்தக் கையை அவர் யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பதினாறாம் கல் எங்கே? இருபதாம் கல் எங்கே? தேடினார். மனதில் அந்த இடம் துடைத்துவிட்ட பலகைபோல் இருந்தது.

"அம்மா, பாலம் வந்திருச்சா?"

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நீங்கதானே ஓட்டுதீய, எங்கிட்ட கேக்கீய?"

ஐயாத்துரை மண்டபத்துக்கு முன்னால் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அம்மா எழுப்பி இறக்கினார். பேச்சித்தாயின் கூட்டம் இன்னும் கிளம்பவில்லை. அவள் நொண்டிக்கொண்டே ஓடிவந்து ஐயாத்துரையின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லபடியாக் கொண்டுவந்து சேத்துட்டீய. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் போனபின் ஐயாத்துரை வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஏன் சுற்றுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. இடது பக்கக் கண்ணாடியின் இரும்புக் கம்பியில் ஒரு துணி சுற்றியிருந்தது. ஒரு முழ நீளம். மஞ்சள் நிறம். ஓரம் கிழிந்திருந்தது.

தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"அம்மா."

அம்மா வந்தார். துணியைப் பார்த்தார். ஐயாத்துரையின் முகத்தைப் பார்த்தார்.

"இது எப்ப மாட்டிச்சு?"

"தெரியல. பதினஞ்சாம் கல்லுக்குப் பிறகு எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. நீங்க எதுவும் பாக்கலியா?"

"நான் குனிஞ்சு கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஆனா உங்களை மூணு தடவை கூப்பிட்டேன். மூணு தடவையும் பதில் சொன்னீய."

"நானா?"

"முதல்ல புழுக்கமா இருக்கான்னு கேட்டேன். 'இல்லம்மா'ன்னீய. பிறகு தண்ணி வேணுமான்னு கேட்டேன். 'வேண்டாம்மா'ன்னீய. அப்புறம் ஒரு இடத்துல வண்டி குலுங்கி மருந்து கொட்டிருச்சு. 'என்ன அண்ணாச்சி'ன்னேன். 'ஒண்ணுமில்லம்மா, பள்ளம்'னீய."

"நான் பேசலம்மா."

"குரல் உங்க குரல்தான்."

"அம்மா, நேர்ரோட்டுல பள்ளமே கிடையாது."

அம்மாவின் கை மருந்துப் பெட்டியின் மேல் அப்படியே நின்றது. பிறகு பெட்டியை மூடி எடுத்துக்கொண்டார்.

"தடுத்திருக்கணும். தடுக்கல. இதுல பாதி எனக்கு. வாங்க, போய்ப் பாப்போம்."

ஐயாத்துரை வண்டிக் கதவுக்குக் கையைக் கொண்டுபோனார். கை கதவைத் தொடவில்லை. இரண்டாம் தடவையும் தொடவில்லை.

"என்னால முடியாதும்மா."

"பஸ்ல போவோம்."

நல்லவேளையாக ஒரு பஸ் வந்தது. ஓட்டியவன் ஐயாத்துரையிடம் தொழில் படித்தவன். வணக்கம் வைத்தான். ஐயாத்துரை பதிலுக்கு வணக்கம் வைக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, வலது பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருபத்தைந்து. இருபத்துநாலு.

ரோட்டோரத்தில் ஏதோ நீளமாகக் கிடந்தது. பக்கத்தில் போனபோது அது சாக்கு. இன்னொரு இடத்தில் கறுப்பாகச் சுருண்டு கிடந்தது. அது பழைய டயர். இருபத்துமூன்று. இருபத்திரண்டு. முப்பத்தோரு வருடம் போய் வந்த ரோடு. இன்றைக்குத்தான் அதன் ஒவ்வொரு அடியையும் பார்த்தார்.

இருபதாம் கல்லைத் தாண்டியதும் ஒற்றைப் புளியமரத்தடியில் கூட்டம் தெரிந்தது. எல்லாரும் மஞ்சள் உடுத்தியிருந்தார்கள்.

நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தார். அம்மாதான் சொன்னார்.

பஸ் நின்றது. ஐயாத்துரை இறங்கி நடந்தார். கீழே யாராவது கிடக்கிறார்களா என்று பார்த்தார். போர்த்தி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் கிடக்கவில்லை. யாரும் அழவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. இருபது பேரும் ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

அங்கே டயர் தடம் இருந்தது. தாரிலிருந்து மண்ணில் இறங்கி, மரத்துக்கும் முள்வேலிக்கும் நடுவே புகுந்து, ஒரு வேரின் மேல் ஏறி இறங்கி, மறுபடியும் தாரில் ஏறிப் போயிருந்தது. எங்கேயும் தடுமாறவில்லை. கோடு போட்டதுபோல் இருந்தது. வேலியில் காயப்போட்டிருந்த மஞ்சள் வேட்டி ஒன்று கிழிந்து தொங்கியது. மரத்தடியில் ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது. அதன் மூலையில் டயரின் பல் அச்சாகப் பதிந்திருந்தது.

பாய்க்குப் பக்கத்தில் கனியம்மா என்ற பெண் நாலு வயது மகளை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஒன்றும் தெரியாமல் கையிலிருந்த வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தது.

அம்மா போய்ப் பிள்ளையின் தலை, கை, காலைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"என்ன தாயி நடந்துச்சு?"

"எல்லாரும் படுத்திருந்தோம். எனக்கு மட்டும் தூக்கம் வரல. ஒரு வண்டி ரோட்டுல வந்துச்சு. பிறகு ரோட்டை விட்டு எங்களைப் பாத்து வந்துச்சு. சத்தமே மாறல. நான் கத்தினேன். பிள்ளையோட தலை இந்தா, இங்க இருந்துச்சு."

அவள் கையை வைத்துக் காட்டினாள். டயர் அச்சுக்கும் அவள் கைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

ஐயாத்துரை அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் டிரைவரும் இறங்கி வந்திருந்தான். "டிரைவர் தூங்கிட்டானா?" என்று கேட்டான்.

"தூங்கல. கண்ணு திறந்திருந்துச்சு. தலையில துண்டு கட்டியிருந்துச்சு. என்னை நேராப் பாத்துச்சு." கனியம்மாவின் குரல் இறங்கியது. "ஆள் இருக்க வீடும் ஆள் இல்லாத வீடும் வெளியில நின்னு பாத்தாலே தெரியும்லா? அந்த மாதிரி. கண்ணு ரெண்டும் திறந்து கிடக்கு. உள்ள யாரும் இல்ல."

"பாத்தா அடையாளம் சொல்லுவியா?"

அவள் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பார்வை ஐயாத்துரையிடம் வந்து நின்றது.

"இவங்க வயசு இருக்கும். ஆனா அது மனுசன் மூஞ்சி இல்ல" என்றாள். பார்வை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

ஐயாத்துரையின் கையில் அந்த மஞ்சள் துணி இருந்தது. கம்பியிலிருந்து அதை எப்போது அவிழ்த்தார் என்று அவருக்கு நினைவில்லை. விரல்களை மூடிக்கொண்டார்.

கூட்டத்தோடு நடந்து வந்தவர்களில் பலவேசம் என்ற கோடாங்கி ஒருவர் இருந்தார். பேய் பிடித்தவர்களுக்கு உடுக்கடித்து விரட்டுகிறவர். புளியமரத்து வேரடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசியிருந்தார். கல்லுக்கு முன்னால் சூடம் எரிந்தது. அந்த வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை. கல்லுக்கு மேல் காற்று மட்டும் நெளிந்தது.

"அஞ்சு வண்டியை எடுத்தது இதுதான்" என்றார் கோடாங்கி. "ஆறாவதுக்கு இங்க வந்திருக்கு. முருகன் காப்பாத்திட்டான். ஆனா மறுபடியும் வரும்."

"இங்கயே கட்டிப் போட முடியாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"எப்படிக் கட்டுவேன்? பேர் தெரியணும்லா? இதுக்குப் பேரே இல்லியே."

கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. மஞ்சள் சேலைக்காரி என்றார் ஒருவர். இல்லை, அது ஆண் என்றாள் கனியம்மா.

பஸ் டிரைவர் ஐயாத்துரையின் பக்கம் கையைக் காட்டினான்.

"எங்க அண்ணாச்சியைக் கேளுங்க. முப்பது வருஷத்துக்கு மேல இந்த ரோட்டுல ஓட்டினவங்க. இங்க அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது."

எல்லாரும் திரும்பினார்கள். கோடாங்கி உடுக்கையை மடியில் வைத்துவிட்டு, பெரியவரிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

"ஐயா, இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா பேரைச் சொல்லுங்க. இல்லாட்டா நாளைக்கும் இதே நேரத்துக்கு இந்தப் பாதையில வரும். நாளைக்கு இங்க யாரு பிள்ளை படுத்திருக்குமோ."

மரத்தில் ஒரு இலை அசையவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. ஐயாத்துரையின் சட்டை முதுகில் ஒட்டிப் போயிருந்தது. ஆனாலும் அவருக்குக் குளிர்ந்தது.

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். உதடு காய்ந்திருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அம்மா, அந்த நேரத்துல அந்த வண்டியில நான் இல்லியேம்மா."

"அது அவங்களுக்கே தெரியும் அண்ணாச்சி" என்றார் அம்மா. "பேரைத்தான் கேக்காவ."